மறு: பூட் லோடர் – ‘துவக்க ஏற்றி’யா, ‘எழுப்பி’யா?

வணக்கம்.

வந்திருக்கிற மடல்களுக்கெல்லாம் சேர்த்தே பதில் எழுதுகிறேன். வாசிகசாலைகளுக்கான உதவித்தாள் போட்டோ கொப்பிக்குப் போவதற்குள் இந்த ஒரு சொல்லையாவது முடிவு செய்தாக வேண்டும். பூட் லோடர் என்பது கணினியைப் போட்டதும் அதன் இயங்குதளத்தை ஓடவைக்கும் சிறு நிரல். அதற்குத் தமிழில் எந்தச் சொல் என்பதுதான் கேள்வி.

பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கேட்டிருந்தார்கள். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வாசிகசாலை. அங்கே 2 ஜிபி நினைவகத்தோடு பழைய கோர் 2 டுவோ மேசைக் கணினி ஒன்று. அதில் ஏற்கெனவே கிடந்த பழைய லினக்ஸ் இயங்குதளத்தை அழித்துவிட்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகு பதிப்பைப் பென் டிரைவிலிருந்து போட்ட தம்பி போனில் சொன்னது இது: “அண்ணன், லினக்ஸ் ஏறிற்று. எல்லாம் முடிஞ்சுதெண்டும் காட்டினது. ஆனா பென்னைக் கழட்டினா எழும்புதில்ல. பென்னைக் குத்தினா எழும்புது.”

பென்னைக் கழற்றியபோது திரையில் நின்றது கருப்புப் பின்னணியில் ‘கிரப் ரெஸ்கியூ’ (கிரப் என்பது லினக்ஸோடு வரும் பூட் லோடர்) என்ற ஒற்றை வரி. இதை எல்லோரும் ‘இன்ஸ்டால் பெயிலியர்’ என்றுதான் சொல்வார்கள். உடனே திரும்பவும் முதலிலிருந்து நிறுவத் தொடங்குவார்கள். அதே இடத்தில் அதே தெரிவை விட்டுவிட்டு, அதே கருப்புத் திரையில் வந்து நிற்பார்கள். உண்மையில் நிறுவல் தோற்கவே இல்லை. அந்தக் கணினியில் பென் டிரைவ் எஸ்டிஏ என்றும் வன்தட்டு எஸ்டிபி என்றும் பெயர் பெற்றிருந்தன. பூட் லோடரை எங்கே வைப்பது என்று நிறுவி கேட்கும் இடத்தில், தானாகத் தெரிவாகியிருந்த எஸ்டிஏ அப்படியே இருந்துவிட்டது. ஆக, லினக்ஸ் முழுவதும் வன்தட்டில். அதை எழுப்ப வேண்டிய சிறு நிரல் மட்டும் பென்னில். வன்தட்டின் முதல் 512 பைட்டில் பழைய லினக்ஸின் கிரப் இன்னும் குந்தியிருக்கிறது. அது தேடுகிற வன்தட்டுப் பிரிவு (பார்ட்டிஷன்) அழிந்துவிட்டது. தேடிக் காணாமல் மீட்பு வரியில் நின்றுவிடுகிறது.

வைத்தியம் சின்னதுதான். பென்னைக் குத்தியே கணினியை எழுப்பி, உள்ளே போய், கிரப்-இன்ஸ்டால் கட்டளையை வன்தட்டின் பெயரோடு கொடுக்க வேண்டும். எஸ்டிபி1 என்று பிரிவின் பெயரைக் கொடுக்கக் கூடாது. எஸ்டிபி என்று முழுத் தட்டின் பெயர். பெயர்கள் இடம் மாறக்கூடும் என்பதால், கொடுப்பதற்கு முன், தட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவைப் பார்த்து எது வன்தட்டு என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு, கிரப்பின் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் கட்டளை. தம்பி ஒரு தேநீர் குடிக்கிற நேரத்துக்குள் முடித்துவிட்டான்.

இப்போது சொல்லுக்கு வருவோம். உதவித்தாளின் முதல் வரைவில் இருந்த வரி: “வன்தட்டுப் பிரிவை ஏற்றி, துவக்க ஏற்றியை மீண்டும் நிறுவவும்.”

> ‘துவக்க ஏற்றி’ ஓரளவு பரவிவிட்ட சொல். மாற்றினால் குழப்பம்தானே?

சென்னையில் குழப்பமில்லை, எங்களுக்குத்தான் குழப்பம். இங்கே இலங்கையில் துவக்கு என்றால் துப்பாக்கி. வாசிகசாலையில் இந்த வரியைச் சத்தமாக வாசித்தபோது, பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார். ‘கணினியைத் துவக்கு’ என்ற பொத்தானையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்த மண்ணில் அந்தச் சொல்லை ஒரு பள்ளிப் பிள்ளையின் திரையில் போடுவதற்கு எனக்கு மனமில்லை.

> அப்படியானால் ‘தொடக்க ஏற்றி’ போதாதா?

பாதிதான் போதும். மீதிச் சிக்கல் ‘ஏற்றி’யில் இருக்கிறது. தட்டைக் கணினி படிக்கும்படி இணைப்பதும் (மவுண்ட்) ஏற்றுவது, கோப்பை லோட் செய்வதும் ஏற்றுவது, இணையத்தில் போடுவது பதிவேற்றுவது, ஊர்வழக்கில் இன்ஸ்டால் செய்வதும் ஏற்றுவதுதான். நான்கு வேலைக்கு ஒரே வினை. மேலே தம்பி சொன்னதை இன்னொரு முறை பாருங்கள்: லினக்ஸ் ‘ஏறிற்று’, கணினி ‘எழும்புதில்ல’. எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை அவன் இரண்டு வினையால் தெளிவாகப் பிரித்துவிட்டான். அந்தப் பிரிப்பை நாங்கள் கலைச்சொல் என்ற பெயரில் அழிக்கக் கூடாது.

ஆகவே என் முன்மொழிவு: பூட் ஆதல் எழும்பல், பூட் செய்தல் எழுப்பல், பூட் லோடர் எழுப்பி. எந்தத் தட்டிலிருந்து முதலில் எழும்புவது என்ற பூட் ஆர்டருக்கு எழுப்பு வரிசை. பழைய பெட்டிகளில் இந்த நான்காவது சொல் அடிக்கடி தேவைப்படும். மதர்போர்டில் இருக்கிற சிஆர்2032 பற்றரி செத்துப்போனால், மதர்போர்டிலேயே இருக்கும் தொடக்க நிரலான பயோஸ் திகதியை மட்டுமல்ல, எழுப்பு வரிசையையும் மறந்துவிடுகிறது.

> ‘எழுப்பி’யும் வினையெச்சம்தானே? ‘ஏற்றி’க்குச் சொன்ன குற்றம் இதற்கும் உண்டு.

ஒத்துக்கொள்கிறேன். உலாவி, செருகி எல்லாமே அப்படித்தான். அவற்றோடு வாழப் பழகிவிட்டோம். ‘ஏற்றி’யில் நான் காணும் குற்றம் அதன் வடிவம் அல்ல, அதன் வேலைப்பளு.

> உறக்கநிலையிலிருந்து கணினி மீள்வதற்கு என்ன சொல்வீர்கள்? அதுவும் எழும்புவதுதானே?

நல்ல கேள்வி, நான் எதிர்பார்த்த எதிர்ப்புகளில் இதுதான் கனமானது. அதற்கு விழித்தல் என்று வைப்போம். விழிக்கும் கணினிக்கு விட்ட இடம் நினைவிருக்கும். எழும்பும் கணினி பயோஸிலிருந்து தொடங்கி வர வேண்டும்.

> லோடர் என்பதில் உள்ள ‘ஏற்றும்’ வேலை சொல்லில் இல்லையே.

இதற்கு அக்கரைப்பற்று காக்கா (முஸ்லிம் அண்ணன் ஒருவர்) தனிமடலில் சொன்னதை அவர் அனுமதியோடு இங்கே தருகிறேன். நோன்பு காலத்தில் சஹர் என்ற விடியலுக்கு முந்திய சாப்பாட்டுக்கு எழுப்ப பக்கீர்பாவா றபான் (கைம்மேளம்) அடித்துக்கொண்டு தெருவால் போவார். அவர் சோறு சமைப்பதுமில்லை, இருந்து சாப்பிடுவதுமில்லை, எழுப்பிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். கிரப்பும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை நினைவகத்தில் வைத்து, கட்டுப்பாட்டை அதனிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது. அதற்குள்ளேயே ஒரு சங்கிலி உண்டு: முதல் 512 பைட்டில் நிரலுக்குக் கிடைப்பது 446 மட்டும், 64 பிரிவு அட்டவணைக்கு, 2 அடையாளத்துக்கு. 446 பைட்டில் கிரப் முழுவதும் அடங்காது. அது தட்டில் அடுத்திருக்கும் இடைவெளியில் உள்ள பெரிய துண்டை எழுப்பும். அந்தத் துண்டு கர்னலை எழுப்பும். கர்னலை நினைவகத்தில் வைக்கிற அந்த ஒரு படிக்கு ‘ஏற்று’ என்ற வினையைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம்.

> ‘எழும்பு’ வட்டார வழக்கு. தமிழ்நாட்டில் புரியுமா?

எழும்பூரில் ரயில் ஏறுகிறவர்கள் இதைக் கேட்கக் கூடாது! 1930களில் சென்னையில் கலைச்சொல்லாக்கம் நடந்தபோது அதில் முன்னின்றவர்களில் எங்கள் காரைதீவுத் தமிழறிஞர் விபுலானந்த அடிகளும் ஒருவர். கிழக்கிலிருந்து ஒரு சொல் அந்தப் பக்கம் வருவது புதுக்கதை இல்லை.

‘கிரப் ரெஸ்கியூ’ வரிக்கு மீட்பு வரி என்று இப்போதைக்குப் போட்டிருக்கிறேன். கிரப் என்ற பெயரைத் தொடவில்லை. உதவித்தாளில் ‘நிறுவல் தோல்வி’, ‘எழும்பாமை’ என்று இரண்டு தலைப்பு வருகிறது. பென்னைக் குத்தினால் எழும்பும், கழற்றினால் எழும்பாது என்பது இரண்டாவதன் முதல் உருப்படி. மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். பார்ட்டிஷனுக்குப் பிரிவா பகிர்வா என்ற சண்டையைத் தயவுசெய்து தனி இழையில் வைத்துக்கொள்வோம்.