சீரியல் விளக்குகள் ஓடுவதுபோல் தெரிவது எதனால்?

கேள்வி

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் ஆடித் திருவிழாவுக்கு இந்த ஆண்டும் பந்தல் முகப்பில் பெரிய மின்விளக்கு அலங்காரம் வைத்திருந்தார்கள். அம்மன் தலைக்குப் பின்னால் சக்கரம் சுழன்றது. காலடியில் நீல அருவி கொட்டியது. என் ஒன்பது வயது மகள் தட்டிக்கு அருகில் போய் ஒரே ஒரு பல்பை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்பா, இந்தப் பல்பு வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது. பிறகு எதுதான் ஓடுகிறது?" என்று கேட்டாள். பல்புகள் வரிசையாக அணைந்து எரிகின்றன என்றேன். "அது எனக்கும் தெரியும். அணைந்து எரிவது ஏன் ஓடுவதாகத் தெரிகிறது?" என்றாள். என்னிடம் விடை இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் அவளுக்கு அப்படியே சொல்வேன்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்)

இதற்குப் பார்வை நிலைப்பு என்று பெயர். ஒரு பிம்பம் விழித்திரையில் ஏறத்தாழ 1/16 நொடி நீடிக்கிறது. அது மறைவதற்குள் அடுத்த பல்பு எரிந்துவிடுவதால் நமக்குத் தொடர்ச்சியாகத் தெரிகிறது. பல ஆண்டுகள் வகுப்பில் இதைத்தான் கற்பித்தேன்.

மறுமொழி 2 (மின் அலங்காரத் தொழிலில் இருப்பவர்)

காரணத்தை ஐயா போன்றவர்கள்தான் சொல்ல வேண்டும். செய்முறையை நான் சொல்கிறேன். ஓடும் விளக்கு வேண்டுமென்றால் குறைந்தது மூன்று லைன் இழுக்க வேண்டும். முதல் பல்பு முதல் லைனில், இரண்டாவது இரண்டாவதில், மூன்றாவது மூன்றாவதில், நான்காவது மறுபடியும் முதல் லைனில் என்று மாற்றி மாற்றிக் கோத்துக்கொண்டே போவோம். பிறகு மூன்று லைனுக்கும் ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் போகும்படி செய்வோம். இரண்டே லைன் கொடுத்தால் விளக்கு ஓடாது. நின்ற இடத்தில் ஆடும், அவ்வளவுதான். எனக்குத் தொழில் கற்றுத் தந்தவர் காலத்தில் மோட்டாரில் சுழலும் உருளையில் செம்புத் தகடுகளைப் பதித்து இதைச் செய்தார்கள். இப்போது சிறிய எலக்ட்ரானிக் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. ஒருமுறை அவசரத்தில் இரண்டு வயர்களை இடம் மாற்றி மாட்டிவிட்டேன். அருவி கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஊரே நின்று பார்த்தது. பல்பு ஒன்றுகூட இடம் மாறவில்லை, திசை மட்டும் மாறிவிட்டது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஓட்டம் நின்று எல்லாப் பல்புகளும் ஒன்றாக எரிவதுபோல் ஆகிவிடும் என்பதையும் பார்த்திருக்கிறேன்.

மறுமொழி 3

மேலே எழுதியவரின் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். பார்வை நிலைப்பு என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமானால், முதல் பல்பின் பிம்பம் மறையாதிருக்கும்போது இரண்டாவதும் எரிவதால் இரண்டையும் ஒருசேரப் பார்ப்போமே தவிர, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதுவும் நகர்வதைப் பார்க்க மாட்டோம். நிலைப்பு இருட்டு இடைவெளியை நிரப்பும்; அசைவை உண்டாக்காது. ஆசிரியர் ஐயா தவறாக எண்ண மாட்டார் என்று நம்புகிறேன்.

இதைச் சோதனையாகச் செய்து காட்டியவர் மேக்ஸ் வெர்தைமர் என்ற உளவியலாளர். ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில், இரண்டு கோடுகளை மிகக் குறுகிய இடைவெளியில் மாற்றி மாற்றிக் காட்டி, கண்டதை 1912-இல் வெளியிட்டார். இடைவெளி நொடியில் ஆயிரத்தில் 30 பங்கு அளவாக இருந்தால் இரண்டு கோடுகளும் ஒருசேரத் தெரிந்தன. 200 பங்கு அளவானால் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தன. இடையில், ஏறத்தாழ 60 பங்கு அளவில், ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது. ஒளியின் அளவும் கோடுகளுக்கிடையேயான தூரமும் மாறினால் இந்த எண்களும் மாறும்.

மூன்று லைன் ஏன் தேவை என்பதற்கும் இதில் விடை இருக்கிறது. அணைந்த விளக்குக்கு அடுத்து எரிந்தது எது என்று மூளை தேடும்போது, மிக அருகில் இருப்பதையே பெரும்பாலும் இணைத்துக்கொள்கிறது. இரண்டு லைனில் இடப்பக்கமும் வலப்பக்கமும் சம தூரத்தில் ஒரே நேரத்தில் பல்பு எரிவதால் எந்தப் பக்கம் என்று முடிவாவதில்லை. மூன்றில் ஒரு பக்கம் பக்கத்துப் பல்பு, மறுபக்கம் ஒன்று தள்ளி. ஆகவே திசை பிறக்கிறது.

அசைவை அறிவதற்கென்றே மூளையின் பின்புறத்தில் ஒரு பகுதி உண்டு. இரு பக்கமும் அப்பகுதி பழுதான ஒரு பெண்ணைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1983-இல் எழுதினார்கள். அவருக்கு நிறமும் உருவமும் தெரிந்தன, அசைவு மட்டும் தெரியவில்லை. தேநீரை ஊற்றினால் அது பனிக்கட்டிபோல் உறைந்து நின்றது. கோப்பையில் மட்டம் ஏறுவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று அவருக்குப் புரியவில்லை. அவர் உங்கள் ஊர்ப் பந்தலின் முன் நின்றிருந்தால் அருவியைக் கண்டிருக்க வாய்ப்பில்லை என்றே நினைக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட என்னைத் திகைக்க வைப்பது கோலர்ஸ், வான் குருனாவ் ஆகிய இரு ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட சோதனை. முதலில் ஒரு நிறமும் அடுத்து வேறு நிறமும் காட்டினால், நகரும் புள்ளி பாதி வழியில் சட்டென்று நிறம் மாறுவதாகத் தெரிகிறது. சிவப்புக்குப் பின் பச்சை வரும் என்பது பச்சை எரியும் முன் யாருக்கும் தெரியாது. அப்படியானால் நடுவழியில் கண்ட அந்தப் பச்சையை, இரண்டாவது விளக்கின் செய்தி வந்து சேர்ந்த பிறகுதான் மூளை கட்டியிருக்க வேண்டும். ஆனால் நமக்கு அது முன்பே நடந்ததாகப் படுகிறது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு மகளோடு பந்தலுக்குப் போனேன். அருவி வரிசையை மறைத்து ஒரு பல்பை மட்டும் திறந்தோம், அது மினுக்கியது. இரண்டைத் திறந்தபோது ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது. ஆறேழு பல்பு தெரியும்படி அட்டையை இழுத்ததும், "விழ ஆரம்பித்துவிட்டது" என்று கத்தினாள். ஒவ்வொன்றும் அசையாமல் இருப்பது தெரிந்த பிறகும் அருவி நிற்கவில்லையே என்று அட்டையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள். அடுத்து இரு நிறப் பல்புகளை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். மின் அலங்காரத் தொழிலில் இருக்கும் அண்ணன், வீட்டில் பாதுகாப்பாகச் செய்ய பேட்டரியில் எரியும் பல்புகள் போதுமா, இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.