குமரி முனைக்கு மேலே 135.6 நானோமீட்டர் படம் ஏன் இருட்டா இருக்கு?

கேள்வி:
நாசாவோட டைம்ட் செயற்கைக்கோள்ல குவி (GUVI)னு ஒரு புற ஊதாப் படக்கருவி இருக்கு. அது 135.6 நானோமீட்டர் அலைநீளத்துல எடுத்த தரவை வச்சு நம்ம மாவட்டத்துக்கு மேலே, அயனி மண்டலத்துல, இரவு எலக்ட்ரான் அடர்த்தி கணக்கு போடுறேன். செயற்கைக்கோள் ராத்திரி எட்டரை மணிக்குக் கடந்தப்ப எடுத்தது. அகமதாபாத் பக்கம் ஒளிப்பட்டை பளிச்னு இருக்கு, குமரிக்கு மேலே ஒண்ணுமே தேறல. சில பிக்சல் மைனஸ்ல வருது. ஒவ்வொரு பிக்சலுக்கும் வர்க்கமூலம் எடுத்துச் சராசரி போட்டா, ஜிபிஎஸ் சிக்னலை வச்சுக் கணக்கிட்ட எலக்ட்ரான் மதிப்போட ஒத்துப்போகல. தரவு பழுதா அண்ணே?

பதில் 1:
பழுது இல்ல தம்பி. காந்த நடுக்கோடு, அதாவது பூமியோட காந்தக் கோடுகள் தரைக்குப் படுக்கையா இருக்கிற கோடு, நமக்குப் பக்கத்துலதான் போகுது. 1963-ல் திருவனந்தபுரம் பக்கத்துத் தும்பாவுல ராக்கெட் ஏவினதுக்குக் காரணமே அதுதான். அந்தி நேரத்து மின்புலம் இங்கே உள்ள பிளாஸ்மாவை (அயனியும் எலக்ட்ரானும் கலந்த வாயு) மேலே தூக்கும், அது காந்தக் கோடு வழியா வடக்கேயும் தெற்கேயும் சரிஞ்சு காந்த நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் 15 பாகை அட்சரேகை பக்கம் சேரும். நமக்கு மிஞ்சுறது பள்ளம்.

ஆக்சிஜன் அயனி ஒரு எலக்ட்ரானைப் பிடிக்கும்போது வர்றதுதான் இந்த 135.6 ஒளி. அதனால வெளிச்சம் அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி. கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் எலக்ட்ரான், 200 கிலோமீட்டர் தடிமன்னா சுமார் 15 ரேலே (வான ஒளியை அளக்கிற அலகு). அடர்த்தி பாதியானா 4 கூட வராது.

பதில் 2:
தப்பு வரிசையில இருக்கு. எண்ணிக்கை குறைவு, இரைச்சல் அதிகம். முதல்ல பிக்சல்களைக் கூட்டிச் சராசரி போடு, அப்புறம் வர்க்கமூலம் எடு. மைனஸ் பிக்சலை வெட்டி எறியாதே, எறிஞ்சா சராசரி பொய்யா ஏறும்.

ஆனா கூட்டுறது வடக்கு தெற்கா மட்டும். பிளாஸ்மா குமிழி, அதாவது எலக்ட்ரான் குறைஞ்ச பகுதி, காந்தக் கோட்டோட நீண்டு கிடக்கும், கிழக்கு மேற்கா ஒடுங்கியிருக்கும். குறுக்கே கூட்டினா குமிழியும் வெளியும் கலந்துடும். பாதி 16 ரேலே, பாதி 1 ரேலேன்னு வச்சுக்கோ: சராசரி 8.5, வர்க்கமூலம் 2.92. நிஜம் 4-க்கும் 1-க்கும் சராசரி, 2.5. 17 சதவீதம் கூடுதல்!

பதில் 3:
ஜிபிஎஸ் 20,200 கிலோமீட்டர் உயரம் வரை உள்ள எலக்ட்ரானை எண்ணுது, 135.6 அடர்த்தி உச்சமா இருக்கிற அடுக்கைத்தான் பெரும்பாலும் பார்க்குது. ஜிபிஎஸ் கூடுதலா வர்றது இயல்பு. இன்னொண்ணு, நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் உள்ள ஆக்சிஜன் அயனிகள் மோதியும் இதே ஒளி வரும். அதைக் கழிக்கலன்னா அடர்த்தி ஏறித் தெரியும். எந்த உயரத்துல எவ்வளவு அடர்த்தின்னு வேணும்னா, பூமியோட விளிம்பைப் பக்கவாட்டுல நோக்கின ஐகான் (நாசாவோட இன்னொரு செயற்கைக்கோள்) தரவைப் பாரு. நாசாவோட கோல்ட் கருவி உதவாது, அது மேற்கு தீர்க்கரேகை 47.5 பாகைக்கு மேலேயே நிக்குது, இந்தியா அதுக்குத் தெரியாது.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணன்மாரே. நாகர்கோவில், குளச்சல் விளக்கு வெளிச்சத்தைக் கழிக்கணுமா?

பதில் 2:
வேண்டாம். இந்த அலைநீளத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறு விழுங்கிடும். தரை வெளிச்சமும் மேகத்துல பட்ட நிலா வெளிச்சமும் செயற்கைக்கோளுக்கு எட்டவே எட்டாது.