சூடானால் ஸ்டார்ட் ஆகாத டீசல் கார்: பம்ப்பா, இன்ஜெக்டரா?

பவானிக்காரன்:
வணக்கம். என்னுடையது 2010 மாடல் காமன் ரெயில் டீசல், 1.3 லிட்டர். ஓடியது 2,34,000 கிலோமீட்டர். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும். சேலம் வரை ஓட்டினாலும் ஒரு குறை இல்லை. இழுவை, மைலேஜ் எல்லாம் பழையபடிதான், புகையும் கிடையாது. ஆனால் வைகுந்தம் டோல் பக்கம் டீக்கு நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தால் முடிந்தது கதை. செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மச்சினன் கல்யாணத்தன்று மண்டப வாசலிலேயே மானம் போனது.

பேட்டரி புதிது. டீசல் ஃபில்டரும் மாற்றியாச்சு. மீட்டரில் இன்ஜின் லைட் எரிவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் டீசல் பம்ப், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர் எல்லாம் மாற்ற வேண்டும், எண்பதாயிரத்துக்குக் குறையாது என்கிறார்கள். வண்டியை விற்றாலே ஒன்றரை லட்சம் தேறுமா தெரியவில்லை. என்ன செய்யலாம்?

நாலுவழிச்சாலை:
வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க சார். இதோடு மல்லுக்கட்டாதீங்க.

ஸ்கேனர்தம்பி:
விற்கிறதுக்கு முன்னால், இன்ஜின் சுற்றுவதை வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். சூடானால் சிக்னல் விட்டுப்போகும், ஆறினால் திரும்ப வரும், உங்கள் வண்டி செய்வது போலவே. அந்தக் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, வண்டி பிடிக்காத நேரத்தில் செல்ஃப் அடித்து ஆர்பிஎம் பாருங்கள். பூஜ்யம் காட்டினால் சென்சார். 200க்கு மேல் காட்டினால் சென்சாரை விட்டுவிடலாம். அதே திரையில் ரெயில் பிரஷர், அதாவது நான்கு இன்ஜெக்டருக்கும் டீசல் தரும் பொதுக் குழாயின் அழுத்தம், எவ்வளவு ஏறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஸ்பானர்:
சென்சாரைப் பார்க்கச் சொன்னது சரி, ஐந்து நிமிட வேலை. ஆனால் இவ்வளவு ஓடிய வண்டியில் எனக்கு வேறு இடத்தில்தான் சந்தேகம்.

பவானிக்காரத் தம்பி, குளிர்ந்த இன்ஜினைச் சூடாக்கி ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர் பிளக் போயிருந்தால் காலையில்தான் படுத்தும், மதியம் படுத்தாது. கம்ப்ரஷன் குறைந்திருந்தாலும் அப்படித்தான். இழுவையும் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். அதனால் இன்ஜினைப் பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

செல்ஃபில் சுற்றும்போது பம்ப் மெதுவாக ஓடும், அனுப்பும் டீசலும் கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை வைத்து ரெயிலில் 200 பாரை (பார் என்பது அழுத்த அளவு) ஒட்டிப் பிரஷர் ஏறினால்தான் வண்டியின் கம்ப்யூட்டரான இசியூ இன்ஜெக்டரைத் திறக்கும். ரொம்ப நாள் உழைத்த இன்ஜெக்டருக்குள் ஒரு குட்டி வால்வின் சீட் தேய்ந்துபோகும். டீசல் சூடாகி நீர்த்ததும் அந்த வழியாக, மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைனுக்கு ஓடிவிடும். பிரஷர் ஏறாது, வண்டி பிடிக்காது. ஓடும்போது பம்ப் நிறைய அனுப்புவதால் இந்த ஒழுகல் தெரிவதில்லை. ஓட்டைக் குடமானாலும் குழாயை முழுசாகத் திறந்துவிட்டால் நிரம்பத்தானே செய்யும்!

பம்ப் தேய்ந்தாலும், ரெயிலில் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வால்வு சரியாக மூடாவிட்டாலும் இதே தொந்தரவுதான் வரும். எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் பில்லில் எழுதினால் எண்பதாயிரம் ஆகாமல் என்ன ஆகும்?

மெடிக்கல் ஷாப்பில் சலைன் டியூப் நான்கு வாங்குங்கள். ஒரே அளவு தண்ணீர் பாட்டில் நான்கு. இன்ஜின் நன்றாகச் சூடாக இருக்கும்போது ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் இருக்கும் மெல்லிய ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி, அங்கே டியூபை இறுக்கமாகச் செருகி பாட்டிலுக்குள் விடுங்கள். கழற்றிய பைப்பின் வாயை அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது வழியாகவும் டீசல் கொட்டும். கிளிப் வயதான பிளாஸ்டிக், அவசரப்பட்டால் ஒடியும். பிறகு, பிடிக்கும் அளவுக்கு ஆறியதும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு நான்கு பாட்டிலையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் மற்றதைவிட இரண்டு மூன்று மடங்கு இருந்தால் அதுதான் திருடன். நான்கிலும் சமமாக, கொஞ்சமாக இருந்தால் இன்ஜெக்டர் மேல் பழி போடாதீர்கள். ரெகுலேட்டரையும் பம்ப்பையும் பார்க்க வேண்டும்.

இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புப் பைப்பை மட்டும் இன்ஜின் ஓடும்போது தளர்த்தவே கூடாது. பழைய லாரி டிரைவர்கள் ஏர் எடுக்க நட்டைத் தளர்த்துவார்கள், அதைப் பார்த்து இதில் செய்துவிடாதீர்கள். இதில் 1,000 பாருக்கு மேல் போகும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கினால் விரலையே எடுக்க வேண்டி வரும். ஸ்டார்ட் ஆகட்டும் என்று ஏர் ஃபில்டரில் ஸ்ப்ரே அடிக்க வருகிறவரையும் கிட்டே விடாதீர்கள்.

காமன் ரெயிலுக்கு முந்தைய ரோட்டரி பம்ப் வண்டிகளும் ஒரு காலத்தில் சூட்டில் இப்படித்தான் மக்கர் பண்ணும். பம்ப் மேல் ஈரச் சாக்கைப் போட்டு, ஆறியதும் பிடித்தால் பம்ப் தேய்மானம் என்று முடிவு கட்டுவோம். இதில் அந்த வித்தையை வைத்து முடிவுக்கு வர முடியாது, ஒழுகும் இடங்கள் அதிகம்.

பவானிக்காரன்:
அண்ணா, பார்த்துவிட்டேன். சூட்டில் செல்ஃப் அடித்தால் ஆர்பிஎம் 230 காட்டுகிறது, பிரஷர் 120 பாரைத் தாண்டவில்லை. பாட்டிலில் ஒன்று, இரண்டு, நான்கு மூன்றிலும் அடியில் விரல் கனம்தான் டீசல். மூன்றாவதில் பாதிக்கு வந்துவிட்டது. அது ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா?

பழைய ஸ்பானர்:
மாற்ற வேண்டியது இப்போதைக்கு ஒன்றுதான். ஆனால் கழற்றுகிற கூலி எப்படியும் கொடுக்கத்தான் போகிறீர்கள். நான்கையும் டீசல் லேபில் பெஞ்சில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற மூன்றில் எது அடுத்து படுக்கும் என்பது அப்போதே தெரிந்துவிடும். கார்பன் பிடித்து வராவிட்டால் ஆயில் விட்டு ஊறவைத்து எடுக்கட்டும், சுத்தியலால் தட்ட விடாதீர்கள். திரும்ப மாட்டும்போது அடியில் புதிய காப்பர் வாஷர் கட்டாயம், பழையதைத் தேய்த்துப் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வேறு இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் பொறித்திருக்கும் எண்ணை ஸ்கேனர் வழியாக இசியூவில் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் ஐடிலில் தடதடக்கும், புகையும் வரும்.

எல்லாம் மாட்டிய பிறகும் சூட்டில் பிரஷர் 120லேயே நின்றால் எழுதுங்கள். பம்ப்பைப் பற்றி அப்போது பேசுவோம், அதுவரை யாரும் அதைத் தொட வேண்டாம்.