பேரனுக்கு எழுத உட்கார்ந்தேன், பதினோரு பக்கத்தில் நின்றுவிட்டது

காங்கேயத்து அம்மிச்சி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. தை நோம்பிக்கு வந்திருந்த மகள் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கொடுத்து, "உனக்குத் தெரிஞ்சதையெல்லாம் எழுதி வைம்மா, இவன் பெரியவனானா படிப்பான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பேரன் பெங்களூரில் படிக்கிறான். தமிழ் நன்றாகப் பேசுவான், படிப்பது எழுத்துக் கூட்டித்தான்.

பதினோரு பக்கம் எழுதினேன். திரும்பப் படித்தால் ரேஷன் கார்டு மாதிரி இருக்கிறது. யார் யாருக்குப் பிறந்தார்கள், எந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தார்கள், எப்போது செத்தார்கள், அவ்வளவுதான். அதிலும் குழப்பம். சாதகத்தில் நான் மன்மத வருஷம் ஆவணி. பள்ளிக்கூடத்தில் தலையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிச் சேர்த்துக்கொண்ட வாத்தியார் அவராகவே ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிட்டார், ஆதார் வரைக்கும் அதுதான். பிறந்த ஜில்லாவை எழுதலாமென்றால், அப்போது கோயமுத்தூர், 1979-ல் பெரியார் மாவட்டம், அப்புறம் ஈரோடு, 2009-லிருந்து திருப்பூர். வீடு என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

ரெண்டு சந்தேகம். படிக்கிற மாதிரி எப்படி எழுதுவது? அப்புறம், எங்கப்பாவும் சித்தப்பாவும் பதினாலு வருஷம் பேசாமல் இருந்தார்கள். அதை எழுதலாமா? சித்தப்பா பிள்ளைகளோடு இப்போது நல்லபடியாகத்தான் இருக்கிறோம்.

நொய்யல்கரை:

அம்மா, பிறப்பு இறப்பையெல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒரு படமாகப் போட்டு முடித்துவிடுங்கள். வருஷத்தை எழுதும்போது பக்கத்திலேயே 1955 என்றும் போடுங்கள். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் சுற்றி வரும், 2015-ம் மன்மததான். பின்னால் படிக்கிறவன் குழம்பிப் போவான்.

மற்றபடி ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சாமானை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதுக்கு, எருது பூட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டினதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கே அது பாதிதான் தெரியும், பையனுக்குச் சுத்தமாகத் தெரியாது. அதை எழுதுங்கள்.

பொள்ளாச்சிப் பேத்தி:

எழுத எழுத அதையே போனில் வாசித்தும் பதிவு செய்யுங்க அம்மிச்சி. தம்பிக்குப் படிக்க வராவிட்டாலும் கேட்பான். ஆனால் வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காதீங்க. எங்க அப்பிச்சி பேசின பதினெட்டு ஆடியோ இருந்தது, போன் மாற்றினபோது அத்தனையும் போச்சு. ரெண்டு இடத்தில் போட்டு வையுங்க. பேசினால் தானே தட்டச்சாகிற வசதியை நம்ப வேண்டாம். நான் புடக்காலி (கொல்லைப்புறம்) என்றால் அது வேறு என்னவோ அடிக்கிறது.

வெள்ளகோவில்காரன்:

பங்காளிச் சண்டையை மட்டும் எழுதாதீங்க. வாயில் பேசினது காற்றோடு போயிரும், எழுதினது பத்திரம் மாதிரி. உங்க காலத்துக்கு அப்புறம் யாராவது அதை எடுத்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு வருவான்.

காங்கேயத்து அம்மிச்சி:

நன்றிங்க. கவலையையே எழுதினேன், நாலு பக்கம் போய்விட்டது. கொஞ்சம் இங்கே போடுகிறேன்:

"கிணற்று மேட்டிலிருந்து எருதுகள் ரெண்டும் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டுத் தண்ணீர் அள்ளுகிற சால் மேலே வரும். சாலுக்கு அடியில் யானைத் தும்பிக்கை மாதிரித் தோலில் ஒரு குழாய், அதுதான் தும்பி. அது வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும், அங்கிருந்து வாய்க்காலுக்குப் போகும். கொட்டி முடிந்ததும் எருதுகள் திரும்பாமல் அப்படியே பின்னாலேயே நடந்து மேடேற வேண்டும். இறங்கும்போது உன் கொள்ளுத்தாத்தா வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார், அவர் கனமும் சேர்ந்து இழுக்கும். எட்டு வயதில் ஒருநாள் என்னையும் முன்னால் உட்கார வைத்தார். வடம் ஈரமாக இருந்தது, நார் குத்தியது. பாவாடை பூராவும் சேறு. வீட்டுக்குப் போனதும் ரெண்டு பேருக்கும் திட்டு."

இதை எழுதிக்கொண்டே போனால் தகராறு தானாக வந்துவிட்டது. கிணறு பொது. கவலை இருந்தவரை அப்பாவுக்கு ஒருநாள், சித்தப்பாவுக்கு ஒருநாள் என்று முறை. 1968-ல் கரண்ட் இழுத்துப் பொதுவில் ஒரு மோட்டார் வைத்தார்கள். எருது எப்போதும் வரும், கரண்ட் வராதே. கரண்ட் போன நேரத்தை யார் முறையில் கழிப்பது என்பதில் ஆரம்பித்ததுதான் அந்தப் பதினாலு வருஷமும். வெள்ளகோவில் அய்யா கோபித்துக்கொள்ள வேண்டாம், இதை விட்டுவிட்டுக் கிணற்றைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

ஆனாலும் மனசு கேட்காமல் சித்தப்பா மகளுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "கரண்டும் இல்லை, ஒண்ணும் இல்லைக்கா. மோட்டார் வந்ததும் பெரியப்பா பழைய சால், வடம் ரெண்டையும் எங்கப்பாவைக் கேட்காமலே வித்துப்போட்டார். காசுக்காக இல்லை, ஒரு வார்த்தை கேட்கலைன்னுதான் அவருக்கு." அறுபத்தொன்பது வயது வரை இது எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை.

இடது பக்கத்தில் எங்கள் வீட்டுக் கதையை எழுதி, வலது பக்கத்தை அவளுக்கு விட்டு வைத்திருக்கிறேன். ஆடி பதினெட்டுக்கு வரும்போது அவள் கையாலேயே எழுதித் தருகிறாளாம். அதுவரைக்கும் நோட்டை யாருக்கும் காட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். பாதியை உங்களுக்குக் காட்டிவிட்டேன்.