அண்ணா சாலையின் பழைய மோட்டார் பட்டறைகள்: சிம்ப்சன் குறித்து ஒரு கேள்வி

சாலைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் கோட்டைப் பக்கமிருந்து தீவுத்திடலைக் கடந்து அண்ணா சாலைக்குள் நுழைந்தவுடன் வரும் சிம்ப்சன் நிறுத்தத்தைப் பேருந்தில் செல்லும் எவரும் அறிவர். 1840இல் குதிரை வண்டி கட்டும் பட்டறையாகத் தொடங்கிய அந்நிறுவனம் பின்னர் மோட்டார் தொழிலில் முன்னணிக்கு வந்தது என்ற அளவில் எனக்குத் தெரியும். நகரின் மையத்தில் இருந்த பழைய மோட்டார் பட்டறைகளைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுத முனைந்துள்ளேன். குதிரை வண்டித் தொழில் எவ்வாறு மோட்டார் தொழிலாக மாறியது, இந்நிறுவனங்கள் ஏன் மவுண்ட் ரோட்டிலேயே (அண்ணா சாலையின் பழைய பெயர்) குவிந்தன, பிறகு ஏன் அங்கிருந்து மறைந்தன என்பவற்றை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தச்சுப்பட்டறை எழுதியது:

ஐயா, மாற்றம் என்று தாங்கள் குறிப்பிடுவதைத் தொடர்ச்சி என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து. தொடக்ககால மோட்டார் வண்டிகள் பல, இன்றுள்ளதைப் போல் முழு வண்டியாகக் கப்பலிலிருந்து இறங்கவில்லை. எஞ்சின், சக்கரங்கள், ஸ்டீயரிங், ரேடியேட்டர் ஆகியவை பூட்டிய சேஸி, அதாவது அடிச்சட்டம், மட்டுமே துறைமுகத்துக்கு வந்து சேரும். அதன் மேல் பாடி கட்டித் தரும் பொறுப்பு உள்ளூர்ப் பட்டறையுடையது. மரச்சட்டம் இழைக்கும் தச்சர், இரும்பு வேலை செய்யும் கொல்லர், தோல் தைத்து இருக்கை அமைப்பவர், வண்ணம் பூசுபவர் என்று அதற்குத் தேவையான கைகள் அனைத்தும் அறுபது ஆண்டுகளாக வண்டி கட்டிவந்த சிம்ப்சனில் ஏற்கெனவே இருந்தன. எனவேதான் 1903இலேயே அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன், இந்தியாவின் முதல் நீராவிக் காரை உருவாக்க முடிந்தது.

வண்ணம் பூசும் வேலையை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கட்டுரைகளில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. 1920களில் செல்லுலோஸ் வண்ணங்கள் வரும் வரை, எண்ணெய் கலந்த வண்ணத்தைத் தூரிகையால்தான் பூசினார்கள். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் நுரைக்கல் தூளும் நீரும் கொண்டு தேய்த்து மழமழப்பாக்கி, அதன் மேல் அடுத்த பூச்சு, பிறகு மீண்டும் தேய்ப்பு என்று பல அடுக்குகள் ஏறிய பின்னரே வார்னிஷ் பூசப்படும். ஒரு துரும்பு ஒட்டினாலும் அடுக்கே பாழாகும் என்பதால், தூசி எழாதிருக்கத் தரையில் நீர் தெளித்து, அறையை மூடி வைத்தே வேலை நடக்கும். ஒரு வண்டிக்கு இவ்வேலை மட்டுமே வாரக்கணக்கில் நீளும். முன்புறம் காட்சிக்கூடம், பின்புறம் நீண்ட கொட்டகைகள் என்று பரந்த மனை இத்தொழிலுக்குத் தேவைப்பட்டதன் காரணம் இதுவே. இன்றும் கரூரிலும் நாமக்கல், திருச்செங்கோடு வட்டாரத்திலும் பேருந்துக்கும் லாரிக்கும் பாடி கட்டும் பட்டறைகளில் இதே வேலைப் பிரிவினையைக் காணலாம்.

மவுண்ட் ரோட்டில் குவிந்ததற்குக் காரணம் வாடிக்கையாளர்களே. கோட்டையையும் பரங்கிமலைப் படைமுகாமையும் இணைத்த அச்சாலையில்தான் ஆளுநர் மாளிகையின் தோட்டமும் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், பி. ஓர் அண்ட் சன்ஸ் போன்ற பெருங்கடைகளும் இருந்தன. கார் வாங்கும் வசதி படைத்தோர் நாள்தோறும் கடந்து சென்ற சாலை அது.

செம்பியத்தான் எழுதியது:

மறைந்ததற்கான காரணத்தை நான் சேர்க்கிறேன். விடுதலைக்குப் பின்னும் சில ஆண்டுகள் வெளிநாட்டுப் பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்கும் வணிகம் நடந்தது. அடிசன் நிறுவனம் மோரிஸ் மைனர் கார்களைச் சென்னையில் அவ்வாறு பூட்டி விற்றது. ஆனால் 1953இல், உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ள நிறுவனங்களே இனி தொடரலாம் என்று மத்திய அரசு முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டு வெளியேறியதும் அக்காலத்தில்தான். பாகங்களின் இறக்குமதி நின்றபோது, பூட்டுதலையே நம்பியிருந்த பட்டறைகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

சிம்ப்சன் தப்பிப் பிழைத்தது தற்செயலன்று. எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1938இல் அமால்கமேஷன்ஸ் நிறுவனத்தை உருவாக்கி, சிம்ப்சன், அடிசன், ஹிக்கின்பாதம்ஸ் முதலிய ஆங்கிலேய நிறுவனங்களை ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தார். கார் விற்பனையில் எதிர்காலம் இல்லை என்று கணித்து, 1950களில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் தயாரிப்பில் இறங்கியதும், 1960இல் டிராக்டர் உற்பத்திக்காக டாஃபே தொடங்கப்பட்டதும் அவர் காலத்தில் நிகழ்ந்தவை. எஞ்சின் வார்க்கவும் கடையவும் வேண்டிய இடம் மவுண்ட் ரோட்டில் ஏது? ஆகவே தொழிற்சாலை பெரம்பூரை அடுத்த செம்பியத்துக்குச் சென்றது. அண்ணா சாலையில் தலைமை அலுவலகம் மட்டும் தங்கியது. எங்கள் பகுதியில் ஒரு தலைமுறையே அந்தத் தொழிற்சாலைச் சங்கொலிக்கு எழுந்து வேலைக்குச் சென்றது என்பதையும் தங்கள் கட்டுரை மறக்காதிருக்க வேண்டுகிறேன்.

சாலைவாசி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பின்புறக் கொட்டகைகள் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதிது. அவற்றின் அமைப்பை அறியச் சான்றுகள் எங்கே கிடைக்கும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆண்டுதோறும் வெளிவந்த அசைலம் அச்சகத்தின் அல்மனாக் என்னும் ஆண்டுத் தகவல் ஏட்டில் சென்னை நிறுவனங்களின் பட்டியல் இருக்கும். விளம்பரங்களையும் விடாமல் பாருங்கள், பட்டறை என்னென்ன வேலைகளை ஏற்றது என்பது அவற்றில்தான் தெளிவாகத் தெரியும். கன்னிமாரா நூலகத்திலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடத் தொடங்கலாம். காலம் தாழ்த்த வேண்டாம். அண்ணா சாலையில் 1897இல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைக் காப்பாற்றவே 2006இல் இடிப்பு தொடங்கிய பின் நீதிமன்றம் வரை செல்ல நேர்ந்தது. கோபுரமும் வளைவும் கொண்ட அத்தகைய கட்டடத்துக்கே அந்த நிலை என்றால், தகரக் கூரையிட்ட கொட்டகைக்காக வழக்குத் தொடுப்பவர் யார்? நிற்பவற்றைப் படமெடுத்து, அங்கே வேலை செய்த முதியவர்களிடம் எந்தக் கொட்டகையில் எந்த வேலை நடந்தது என்று கேட்டு முதலில் பதிவு செய்யுங்கள். காகிதங்களைப் பிறகும் தேடலாம்.