நிலாப்பூ விதையும் வாசல் பல்பும்

மொட்டைமாடிக்காரி:
நிலாப்பூ, இரவில் வெள்ளையாக விரிகிற கொடி. முதல் தடவை அதன் விதையை அப்படியே மண்ணில் புதைத்துவிட்டு இருபது நாள் தண்ணீர் ஊற்றினேன், ஒன்றும் வரவில்லை, தோண்டிப் பார்த்தால் போட்டபடியே கல்லு மாதிரி கிடந்தன. தோல் அவ்வளவு தடிமன், தண்ணீர் உள்ளே போக வழியே இல்லை. அடுத்த தடவை நகவெட்டியால் ஓரத்தில் லேசாகக் கிள்ளினேன் (முளை இருக்கும் கண் பக்கம் தொடக் கூடாது, எதிர்ப் பக்கம்). இரவு முழுக்க வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டதும் காலையில் இரண்டு மடங்காக ஊதியிருந்தது. ஊதாததை மறுபடி கிள்ளி ஊறவைக்கணும். ஆறாம் நாளே இரட்டை வாலாகப் பிளந்த விதையிலைகளோடு வெளியே வந்துவிட்டது.

அப்புறம்தான் சோதனை. கொடி துணிக்கயிறு வரை போனது, இலை உள்ளங்கையை விடப் பெரிது, மொட்டு மட்டும் இல்லை. தழைச்சத்து அதிகமாகிவிட்டது என்று உரத்தை நிறுத்தினேன், அப்போதும் இல்லை. கடைசியில் பார்த்தால் என் வாசல் பல்பு! இரவு நீளும் காலத்தில்தான் மொட்டு விடுகிற கொடி இது, நானோ விடிய விடிய அதன் தலைக்கு மேல் விளக்கு எரித்திருக்கிறேன். பல்பை அணைத்த ஒரு மாதத்தில் மொட்டு. மாலையில் முறுக்கிய குடை மாதிரி நின்றது, லேசாக நடுங்கியது, ஒரே நிமிடத்தில் முழுதாக விரிந்துவிட்டது. பூ கண் முன்னால் அசைந்து விரிவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. வெள்ளைக்கு நடுவே பச்சை நிழலாய் ஐந்து முனை நட்சத்திரம்.

இரண்டாம் இரவு சிறு பறவை என்று நினைத்தேன், பார்த்தால் பருந்து அந்துப்பூச்சி என்ற பெரிய இரவுப் பூச்சி. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீளமான உறிஞ்சுகுழலை உள்ளே விட்டுத் தேன் குடிக்கிறது. உங்களுக்கெல்லாம் என்ன நடந்தது, சொல்லுங்கள்.

கருவிதை:
பொறுமை இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்திமந்தாரை போதும் அக்கா. மிளகு மாதிரி கருப்பு விதை, கிள்ளவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பிரச்சினை வேறு: ரோஜா நிறச் செடியில் எடுத்த விதையில் மஞ்சள், வெள்ளை, கோடு போட்டது என்று என்னென்னவோ வந்தது, ஒரே செடியில் இரண்டு நிறம்கூட. நாம் இதழ் என்று சொல்வதும் இதழே இல்லை, நிறமேறிய புல்லி வட்டம் (மற்ற பூக்களில் இதழுக்கு வெளியே பச்சையாக இருக்கும் உறை). 1909இல் கார்ல் கோரன்ஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர், வெள்ளையும் பச்சையும் கலந்த இலையுள்ள அந்திமந்தாரைகளைக் கலப்பு செய்து, அந்த இலை நிறம் தாய்ச் செடி வழியாக மட்டுமே வருகிறது என்று காட்டினார். தாய், தந்தை இருவர் வழியாகவும் பண்பு வரும் என்கிற மெண்டல் விதிக்குள் அடங்காத விஷயம். ஒன்று சொல்லிவிடுகிறேன், கீழே கிழங்கு வைத்துவிடும், வேண்டாம் என்று பிடுங்கினாலும் திரும்ப வரும். விதை விஷம், குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கமில்லாதவன்:
விஷம் என்றதும் என் கதை. நானும் நிலாப்பூ என்றுதான் வாங்கினேன். விதை தட்டையாக, பழுப்பாக, சின்னக் காது மாதிரி இருந்தது, அப்போதே சந்தேகப்பட்டிருக்கணும். நிலாப்பூ விதை உருண்டையாக வழவழப்பாக இருக்கும். வந்தது ஊமத்தை. இரண்டையும் அதே பெயரில் விற்கிறார்கள். அதுவும் மாலையில் விரிகிறது, வெள்ளை, நல்ல மணம், அதனால் காய் முள்ளுமுள்ளாகத் தொங்கும்வரை எனக்குத் தெரியவே இல்லை. காயை வெறுங்கையால் பறித்துவிட்டு கண்ணைக் கசக்கினேன். ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கம் மங்கல், கண்ணாடியில் பார்த்தால் இடது கண்பாவை மட்டும் அகன்று கிடக்கிறது. பக்கவாதம்தான் என்று அலறி மருத்துவரிடம் ஓடினேன். அவர் எல்லாம் பார்த்துவிட்டு, “தோட்டத்தில் என்ன செடியைத் தொட்டீர்கள்?” என்று கேட்டார். ஊமத்தையிலுள்ள அட்ரோபின், ஸ்கோபொலமின் என்ற நச்சுகள் கண்பாவையை அகலமாக்கிவிடுமாம். இரண்டு நாளில் சரியானது. இப்போது கையுறை இல்லாமல் எந்தச் செடியையும் தொடுவதில்லை, ரோஜாவைக்கூட.

மொட்டைமாடிக்காரி:
ஐயோ தம்பி! நிலாப்பூ விதையும் சாப்பிடக் கூடாதது என்று நானே முதலில் எழுதியிருக்கணும்.

கள்ளிக்காரர்:
நீங்கள் மாதக்கணக்கு சொல்கிறீர்கள், எனக்கு ஆண்டுக்கணக்கு. டிராகன் பழமும் கள்ளிதான், இரவில் பூக்கும். அதன் சதையைத் துணியில் தேய்த்துக் கழுவி, எள்ளை விடச் சிறிய விதைகளை ஈர மணலில் மேலாகத் தூவினேன். பத்து நாளில் புல் மாதிரி முளைத்துவிட்டது, முட்கள் முடி மாதிரி மென்மை. அந்த வேகத்தைப் பார்த்து ஏமாந்துபோனேன். வெட்டித் துண்டு வைத்தவர்களுக்கு ஓரிரு ஆண்டில் பூத்துவிட்டது, என் கள்ளி ஐந்து ஆண்டு சும்மா சுவரேறியது. போன மாதம் முதல் பூ, ஒரே ஒரு இரவு, அன்றைக்கென்று தூங்கிவிட்டேன். காலையில் ஈரத்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் யாரிடமும் இரண்டு நாள் பேசவில்லை.

இரண்டாவது மொட்டு நேற்று வரை தலை குனிந்திருந்தது, இன்று மாலை நிமிர்ந்திருக்கிறது. இப்போது மணி எட்டேகால், நுனியில் வெள்ளை தெரிகிறது. மீதி நாளைக்கு எழுதுகிறேன், போனை உள்ளே வைத்துவிட்டு நாற்காலியை வெளியே போடப் போகிறேன்.