பிளஸ் டூ பிசிக்ஸ்: ஒன் மார்க் முதல்லயா, அஞ்சு மார்க் முதல்லயா?

கோட்டை_அகழி:
சத்துவாச்சாரி டீக்கடைல நானும் என் கிளாஸ்மேட்டும் இதுக்குத்தான் ஒரு மணி நேரம் சண்ட போட்டோம். தியரி 70 மார்க்கு, அதுல 15 ஒன் மார்க், 2 மார்க் ஆறு, 3 மார்க் ஆறு, அஞ்சு மார்க் அஞ்சு. நான் இன்னா சொல்றேன்னா அஞ்சு மார்க்க முதல்ல எழுதி முடிச்சிடணும், மூள ஃப்ரெஷ்ஷா இருக்கும்போதுதான் டெரிவேஷன் வரும், 25 மார்க்கு கைல வந்துட்டா தெம்பா இருக்கும். ஒன் மார்க்தான் முதல்லன்னு அவன் ஒத்துக்கவே மாட்றான்.

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்:
தம்பி, உன் பிரண்டு சொல்றதுதான் சரி. நான் பிளஸ் டூ அரையாண்டுல உன் மாதிரியேதான் ஆரம்பிச்சேன். வான் டி கிராஃப் ஜெனரேட்டர் வந்துச்சு, மனப்பாடமா தெரிஞ்ச கேள்வியாச்சேன்னு குஷில கோளம், பெல்ட், ரெண்டு கப்பி, சீப்பு எல்லாத்தையும் ஸ்கேல் வெச்சி வரஞ்சி பென்சில்ல ஷேட் வேற அடிச்சிகினு இருந்தேன், அதுக்கே 25 நிமிஷம் போச்சு. அஞ்சு மார்க் முடியும்போது மணி 12.10. கடைசில நாலு ஒன் மார்க்குக்கு வெறும் ஆ, இ ன்னு ஆப்ஷன் மட்டும் போட்டேன், விடைய எழுத நேரமில்ல. வாத்தியார் நாலுக்கும் முட்ட போட்டார்.

கோட்டை_அகழி:
அண்ணே, ஷேட் அடிச்சது உங்க தப்பு, பிளானு இன்னா பண்ணும்? அஞ்சு மார்க் ஒன்னுக்கு 15 நிமிஷம்னா 75. 3 மார்க்குக்கு ஏழு ஏழுன்னு 42, 2 மார்க்குக்கு நாலு நாலுன்னு 24, ஒன் மார்க்குக்கு 15. கூட்டுனா 156. மூணு மணி நேரத்துல இன்னும் 24 நிமிஷம் மிச்சம் இருக்குது.

பாகாயம்_டியூஷன்_அக்கா:
கணக்கு அழகா இருக்குப்பா, ஹால்ல அப்படி நடக்காது. ரெண்டு பேரும் 2 மார்க்ல 24வது, 3 மார்க்ல 33வது கேள்விய மறந்துட்டீங்க, ரெண்டும் கம்பல்சரி, சாய்ஸே கிடையாது, பெரும்பாலும் கணக்காதான் வரும். என்கிட்ட ஒரு பையன் டெரிவேஷன் மட்டும் போதும்னு சுத்திகினு இருந்தான். 144 வோல்ட்ல முடுக்கின எலக்ட்ரானோட டி பிராய் அலைநீளம் கேட்டு டெஸ்ட் வெச்சேன். 12.27ஐ வோல்டேஜோட ரூட்டால வகுத்தா நேரா ஆங்ஸ்ட்ராம்ல வந்துடும், 144க்கு ரூட்டு 12, 1.02 ஆங்ஸ்ட்ராம், ரெண்டே வரி. அவன் பிளாங்க் மாறிலி, எலக்ட்ரான் நிறை, சார்ஜ் எல்லாத்தையும் போட்டு கையால பெருக்கினான், கால்குலேட்டர் கிடையாதே, கடைசில 10ன் அடுக்கு -10க்கு பதிலா -9 ஆயிடுச்சு, யூனிட்டும் எழுதல. பத்து நிமிஷம் தண்டம்.

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்:
அப்போ கணக்க முதல்ல போடணுங்கிறீங்களாக்கா?

பாகாயம்_டியூஷன்_அக்கா:
இல்லப்பா. 10 மணிலேர்ந்து 10.10 வரைக்கும் கேள்வித்தாள் படிக்க நேரம் தராங்களே, பாதி பசங்க அப்போ ஃபேன பாத்துகினு உக்காந்திருப்பாங்க. அந்த நேரத்துல 24ஐயும் 33ஐயும் படிச்சி எந்த ஃபார்முலான்னு மனசுல புடிச்சிக்கணும், அஞ்சு மார்க்ல 'அல்லது' எந்தப் பக்கம்னு முடிவு பண்ணிடணும். 10.15க்கு பேனா எடுத்ததும் ஒன் மார்க், தெரியாததுக்கு இடம் விட்டுட்டு போ. கடைசி பாடம் ரோபோ, நானோன்னு சின்னதா இருக்கும், அதையும் படிக்காம வந்து நிக்கிறவங்கள நான் ஒன்னும் சொல்றதுக்கில்ல.

கோட்டை_அகழி:
இங்கதான்கா எனக்கு ஒத்து வரல. புக்கு பின்னாடி இருக்குற ஒன் மார்க்னா ஓகே, உள்ள இருந்து மூணு நாலு கேட்டுட்டா முதல் பக்கத்துலயே கை நடுங்கிடும். எனக்கு காலாண்டுல அதான் ஆச்சு, ஒரே கேள்வில பத்து நிமிஷம் நின்னேன், அப்புறம் நல்லா தெரிஞ்ச டெரிவேஷன்லயே மைனஸ் போட மறந்துட்டேன்.

பாகாயம்_டியூஷன்_அக்கா:
அது வாஸ்தவம்தான், பயப்படுற பசங்களுக்கு அப்படி ஆவும். அப்போ தெரிஞ்ச ஒரே ஒரு அஞ்சு மார்க்க எழுதி கைய பழக்கிக்கோ, அஞ்சையும் எழுதாத. அடுத்தது ஒன் மார்க்.

கோட்டை_அகழி:
ரெண்டு எழுதிக்கிறேன்கா. 33ஐ அப்புறம் பாத்துக்கலாம்.

குடியாத்தம்_எக்ஸ்பிரஸ்:
கடைசில வார்னிங் பெல் அடிக்கும்போது என்னைய நெனச்சிக்கோ தம்பி.